பெட்ரோல் கார் நின்றால் நடுங்குகிறது, பிளக் மாற்றியும் சரியாகவில்லை. இன்ஜெக்டரை மாற்றத்தான் வேண்டுமா?

தங்கச்சிமடத்தில் இருக்கிறேன், எட்டு வருடப் பெட்ரோல் கார், ஓடும்போது நன்றாக இருக்கிறது, ஐடிலில் (கியர் போடாமல், ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது) விட்டால் நடுங்குகிறது, ஏசி போட்டால் இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு பிளக்கும் மாற்றியாச்சு, இப்போது என்ஜினுக்குள் பெட்ரோல் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்களாம். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். நான் உச்சிப்புளிப் பக்கம் கார் வேலை பார்க்கிறவன். நம் கரையில் இப்படி ஒரு வண்டி வந்தால் முதலில் நான் பார்ப்பது பேட்டரியின் எர்த் வயரைத்தான்.

காரணம் இந்த உப்புக் காற்று. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது. இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று பார்க்கக் காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் சோதனைக் களமே வைத்திருக்கிறது. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை அடிக்கடி போய்வரும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பேட்டரி மைனஸிலிருந்து ஒரு வயர் பாடிக்கும், இன்னொன்று என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். மேலாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. போல்ட்டைக் கழற்றி, வயர் நுனியில் உள்ள லக்கை (உலோக வளையத்தை) தூக்கிப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், செம்பு இழைகள் பச்சை பூத்திருக்கும். வயர் உறைக்கு மேலே விரலால் அழுத்தினால் உள்ளே நறநறவென்று நொறுங்குவது தெரியும். காயில் (பிளக்கில் பொறி வரவைப்பது), இன்ஜெக்டர், சென்சார் எல்லாவற்றுக்கும் கரண்ட் திரும்பிப் போகிற வழி அதுதான். ஐடிலில் ஆல்டர்னேட்டர் மெதுவாகத்தான் சுற்றுகிறது. அந்த நேரத்தில் ஏசி கிளட்சும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து இழுத்தால் அரித்துப்போன எர்த் தாங்காது.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முள்ளைப் பேட்டரி மைனஸ் முனையிலும் மற்றதைச் சுத்தமான என்ஜின் உலோகத்திலும் வைத்து, வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் எர்த் கோளாறுதான். மைனஸைக் கழற்றிவிட்டு இரு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இழை நொறுங்கியிருந்தால் வயரையே மாற்றிவிடுவது நல்லது, விலையும் ஒன்றும் பெரிதில்லை.

எர்த் நன்றாக இருக்கிறதா? சரி, அடுத்து ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) போடச் சொல்லுங்கள். செக் என்ஜின் லைட் எரியாவிட்டாலும் போடலாம். பி 0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தக் காயிலை ஒன்றாவதோடு இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு எண் (கோட்) பி 0301 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறவில்லை என்றால் காயில் நல்லது, அந்த சிலிண்டரின் பிளக்கையும் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். பைசா செலவில்லாத சோதனை இது. காயிலைக் கழற்றும்போதே அதன் கனெக்டர் பின்னில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் காயில் நன்றாக இருக்க, கனெக்டர் பின் மட்டும் அரித்துப்போன வண்டிகளே அதிகம்.

பி 0171 வந்தால் கதை வேறு. பெட்ரோலுக்கு மிஞ்சின காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஸ்கேனரிலேயே ஃபியூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள். ஐடிலில் 15, 20 சதவீதம் கூட்டிக் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் சாதாரணமாகிவிட்டால் வாக்குவம் ஹோஸ் (என்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கம் உள்ள ரப்பர் குழாய்) எங்கோ வெடித்திருக்கிறது, இல்லை காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் விட்டிருக்கிறது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் வளைவை மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். லீக் தேட கார்ப் கிளீனர் அடிக்கிற பழக்கம் உண்டு. சூடான சைலன்சர் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும், அதை நீங்கள் செய்ய வேண்டாம்.

என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்தாலும் ஐடில் ஏறி இறங்கும். துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்தால் போதும். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளவே கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிடும். துடைத்த பிறகு சில வண்டிகளுக்கு ஐடில் ரீலேர்ன் (ஐடில் வேகத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) செய்ய வேண்டியிருக்கும்.

ஆர்பிஎம் முள் 700, 800-இல் ஆடாமல் அசையாமல் நிற்கிறது, ஆனால் ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்கின்றன என்றால், பெரும்பாலும் என்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்துவிட்டது. அதற்கு இன்ஜெக்டர் மாற்றி ஒரு பயனும் இல்லை.

இதெல்லாம் பார்த்தும் நடுக்கம் தீரவில்லை என்றால்தான் இன்ஜெக்டர். அப்போதும் நாலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் (சோதனை மெஷினில்) வைத்து, எது எவ்வளவு தெளிக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முதலில் அல்ட்ராசானிக் கிளீனிங் (ஒலி அதிர்வால் அடைப்பை நீக்குவது), அதிலும் சரியாகாததை மட்டும் மாற்றினால் போதும். மல்டிமீட்டரில் எவ்வளவு வந்தது, ஸ்கேனரில் என்ன கோட் வந்தது என்று கீழே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.