மூன்றாவது சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. சிறுநீரகக் கல்லுக்காக ஆறு மாதத்தில் இரண்டு முறை வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இப்போது மூன்றாவதும் எடுக்கச் சொல்கிறார்கள். முன்பு பட்ட கதிர்வீச்சு உடம்பிலேயே தங்கியிருக்குமா? புற்றுநோய் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தங்காது. சுவிட்சை அணைத்தால் விளக்கு வெளிச்சம் அறையில் மிஞ்சுவதில்லை அல்லவா, அப்படித்தான். (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் வேறு கதை, அந்த மருந்து கொஞ்ச நேரம் உடம்பில் இருந்துவிட்டுத்தான் போகும்.) ஆனால் கதிர் ஊடுருவும்போது செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடும். பெரும்பாலானதை உடம்பே சரிசெய்துகொள்ளும். அதில் தப்பியது எப்போதாவது, பல வருடம் கழித்து, புற்றுநோயாகலாம்.

எவ்வளவு அபாயம்? மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம்மேல் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு படுகிறது. ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. வழக்கமான வயிற்று சி.டி. 8 முதல் 10 வரை. 10 மில்லிசீவெர்ட்டால் உயிரைப் பறிக்கும் புற்றுநோய் கூடுதலாக வரும் வாய்ப்பு சுமார் 2000-ல் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். எந்த ஸ்கேனும் எடுக்காமலே உலக அளவில் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு இந்த அபாயம் அதிகம், முதியவர்களுக்குக் குறைவு.

பலரும் நினைப்பதுபோல் நோயாளிக்கு இத்தனை ஸ்கேன்தான் என்ற கோட்டா கிடையாது. ஏற்கெனவே இரண்டு எடுத்ததால் மூன்றாவது ஸ்கேனின் அபாயம் கூடிவிடாது. அதற்காக அவசியமான ஒன்றைத் தள்ளிப்போடுவது தப்புக்கணக்கு. கேட்க வேண்டியது வேறு: “டாக்டர், இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?” இதைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் என்றால், அல்ட்ராசவுண்டு போதுமா என்று கேளுங்கள். அதில் இந்தக் கதிரே கிடையாது. முந்தைய எக்ஸ்ரேயில் கல் தெரிந்திருந்தால் இன்னொரு எக்ஸ்ரேயே போதலாம். சி.டி.தான் வேண்டும் என்றால், குறைந்த கதிரளவில் எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள். கல்லைப் பார்க்கப் பெரும்பாலும் அதுவே போதும். 3 மில்லிசீவெர்ட் அளவில் முடிந்துவிடும். பழைய சி.டி.யின் அறிக்கையை மட்டுமல்ல, படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். பழைய படம் கையில் இல்லை என்பதற்காகவே மறுபடி எடுக்கப்படும் ஸ்கேன்கள் உண்டு.

ஒன்று மட்டும். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய், அவர்கள் சொல்லும் ஸ்கேனை எடுத்துவிடுங்கள்.