உள்ள எல்லாம் மாறிப்போச்சு, இன்னும் அது மேக் தானா?

கேள்வி: சார், எங்க ஆஃபீஸ்ல டிசைன் டீம் முழுக்க மேக் தான். மொதல்ல மோட்டோரோலா சிப், அப்புறம் பவர்பிசி, அப்புறம் இன்டெல், இப்ப ஆப்பிளே டிசைன் பண்ற எம் சீரிஸ்னு ப்ராசஸரையே மூணு தடவ மாத்திட்டாங்களாமே. ஃப்ளாப்பி போச்சு, சிடி போச்சு, போர்ட்டெல்லாம் மாறிடுச்சு. அப்போ மேக்னா என்னதான் சார்? மேல ஒட்டியிருக்கிற ஆப்பிள் மட்டும்தானா?

பதில்: மேல ஒட்டுறதப் பத்தி கேட்டதால அதுலயே ஆரம்பிக்கிறேன். 2006ல மேக்குக்குள்ள இன்டெல் சிப் வந்தப்போ மத்த கம்பெனி லேப்டாப்ல எல்லாம் கை வைக்கிற இடத்துல இன்டெல் இன்சைட் ஸ்டிக்கர் பளிச்சுனு இருக்கும், அதை ஒட்டினா விளம்பரச் செலவுல இன்டெல் ஒரு பங்கு குடுக்கும், அதனால யாரும் வேணாம்னு சொல்றதில்ல. ஆப்பிள் மட்டும் ஒட்டல. உள்ள இருக்கிற சிப்பு யாரோடதுன்னு எங்க கஸ்டமருக்கு தெரியணும்னு அவசியமில்லங்கிற கெத்துதான் அது.

இதுல தமாஷ் என்னன்னா, 1998ல இதே ஆப்பிள் ஒரு டிவி விளம்பரம் போட்டாங்க, ஒரு நத்தை முதுகுல பென்டியம் 2 சிப்பை தூக்கிட்டு மெதுவா ஊர்ந்து போகும், எங்க பவர்பிசி ஜி3 சிப்பு அதைவிட ரெண்டு மடங்கு வேகம்னு வாய்ஸ் வரும். எட்டே வருஷத்துல அந்த நத்தை கம்பெனி சிப்பையே வாங்கி உள்ள போட்டாச்சு. கிண்டல் பண்ணி கைதட்டுன அதே ரசிகர் கூட்டம், கொஞ்ச நாள் முனகிட்டு, புது மேக்புக் வாங்க க்யூல நின்னுச்சு. சிப்புதான் மேக்னா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கணும்ல?

சரி, சிப்பு இல்ல, சாஃப்ட்வேர்தான் மேக்னு சொல்லலாமான்னா அதுவும் முழுசா சரி வராது. 2001ல வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் பழைய மேக் சாஃப்ட்வேரோட அடுத்த வெர்ஷனே கிடையாது, ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிய போய் நடத்துன நெக்ஸ்ட் கம்பெனியை ஆப்பிள் வாங்குச்சே, அங்கேர்ந்து வந்த யூனிக்ஸ் வகை சிஸ்டம் அது. அஸ்திவாரத்தையே தோண்டி எடுத்துட்டு வேற போட்ட மாதிரி. அப்போ ஜனங்க எதுக்கு சண்டை போட்டாங்க தெரியுமா? 2000 செப்டம்பர்ல சோதனைக்குன்னு விட்ட பப்ளிக் பீட்டாவுல, எப்பவும் ஸ்க்ரீனோட இடது மூலையில இருக்கிற ஆப்பிள் மெனுவை எடுத்துட்டு, மெனு பார் நடுவுல சும்மா அழகுக்கு ஒரு ஆப்பிள் படத்தை வச்சுட்டாங்க, க்ளிக் பண்ணா ஒண்ணும் நடக்காது. கர்னல், அதாவது சிஸ்டத்தோட உள் மையமே மாறினதுக்கு வராத கோவம் அதுக்கு வந்துச்சு. 2001 மார்ச்ல ஒரிஜினல் வெர்ஷன் வரும்போது ஆப்பிள் மெனு இடது மூலைக்கே திரும்பி வந்துடுச்சு, இன்னைக்கு வரைக்கும் அங்கதான் இருக்கு.

அதனால என்னைக் கேட்டா, மேக்குங்கிறது உள்ள ஓடுற சமாச்சாரமே இல்ல, கைக்கு பழகின சமாச்சாரம். விறகு அடுப்பு போய் கேஸ் வந்தாலும் அம்மாவோட கைப்பக்குவம் மாறலன்னு சொல்றோம்ல, அப்படித்தான்.

உங்க டிசைன் டீம் ஆளுங்க கட்டை விரலை கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. விண்டோஸ்ல காப்பி பண்ண கன்ட்ரோல் கீயை சுண்டு விரலால ஓரத்துல எட்டிப் பிடிக்கணும், மேக்ல கமாண்ட் கீ ஸ்பேஸ் பாருக்கு பக்கத்துலயே இருக்கு, கட்டை விரலை லேசா மடக்கினா போதும். நாலு பக்கமும் சுழி போட்ட மாதிரி அந்தக் கீ மேல ஒரு குறி இருக்கும் பாருங்க, 1984ல வந்த மொத மேக்குக்காக சூசன் கேர்ங்கிற டிசைனர் ஒரு சிம்பல் புக்ல தேடி எடுத்தது, ஸ்வீடன்ல பார்க்க வேண்டிய இடங்களை காட்டுற போர்டுல இருக்கிற குறி அது. மொதல்ல அங்க ஆப்பிள் லோகோவையே போட்டிருந்தாங்க, மெனு முழுக்க ஆப்பிளா இருக்கு, லோகோவை இப்படி வாரி இறைக்காதீங்கன்னு ஜாப்ஸ் கடுப்பானதால வந்த மாற்று.

அடுத்து மெனு பார். விண்டோஸ்ல ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி மெனு, மேக்ல ஒண்ணே ஒண்ணு, ஸ்க்ரீனோட உச்சில. மவுஸை கண்ணை மூடிட்டு மேல தள்ளினாலும் விளிம்புல போய் நின்னுடும், குறி பார்க்கவே வேணாம். 2021ல மேக்புக் ப்ரோவுல கேமராவுக்காக ஸ்க்ரீன் நடுவுல ஒரு வெட்டு வச்சாங்களே, அப்பவும் மெனுவை கீழ இறக்கல, அந்த வெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஓட விட்டாங்க.

கை பழக்கம் மட்டும் போதுமான்னா போதாது, புது மெஷினை வீட்டுக்கு கொண்டு வந்த அன்னைக்கே பழைய வேலையும் ஓடணும், இதுல ஆப்பிள் பலே கில்லாடி. 1994ல பவர்பிசிக்கு போனப்போ பழைய மோட்டோரோலா 68கே சிப்புக்கு எழுதின ப்ரோக்ராமை ஓட்டுற எமுலேட்டரை சிஸ்டத்துலயே வச்சாங்க, அதே வேலைக்கு 2006ல ரொசெட்டா, 2020ல எம்1 வந்தப்போ ரொசெட்டா 2. 2005 ஜூன்ல இன்டெலுக்கு மாறப்போறோம்னு ஜாப்ஸ் மேடையில சொன்ன நாள்ல இன்னொரு குண்டையும் போட்டாரு, அஞ்சு வருஷமா ஓஎஸ் எக்ஸோட ஒவ்வொரு வெர்ஷனையும் ரகசியமா இன்டெலுக்கும் சேர்த்தே தயார் பண்ணி வச்சிருந்தோம், நீங்க இவ்ளோ நேரம் இங்க பார்த்த டெமோவே பென்டியம் 4ல ஓடுனதுதான்னு. அவ்ளோ நேரமும் பார்த்துட்டிருந்தவங்களுக்கு வித்தியாசமே தெரியல, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

எம்1 மேக்புக் ஏர் கதையும் அதேதான். வெளிய அதே உடம்பு, உள்ள ஃபேனே கிடையாது, சத்தமில்லாம பேட்டரி நாள் முழுக்க நிக்குது. முத்து நெடுமாறன் செஞ்ச இணைமதி எழுத்துரு இன்டெல் மேக்ல எப்படி தமிழ் காட்டுச்சோ அப்படியேதான் இதுலயும் காட்டுது.

தடுக்கி விழுந்தது எங்கன்னா கை படுற இடத்துலதான். 2016 மேக்புக் ப்ரோவுல மேல் வரிசை கீயை தூக்கிட்டு டச் பார்னு ஒரு பட்டை வச்சாங்க, எஸ்கேப் கீ கூட தொட்டாத்தான், கோட் எழுதுறவங்க புலம்பித் தள்ளிட்டாங்க. அப்போ இருந்த மெலிசு பட்டர்ஃப்ளை கீபோர்டு தூசி போனா சிக்கிக்கும், ஃப்ரீயா ரிப்பேர் பண்ணித் தர்ற திட்டமே அறிவிக்க வேண்டியதாச்சு. ஆன் பண்ணும்போது வர்ற அந்த டங்ங்னு சத்தத்தையும் அதே மாடல்ல நிறுத்தினாங்க. 2019ல நிஜ எஸ்கேப் கீ வந்துச்சு, 2020ல சத்தம் வந்துச்சு, 2021ல புது மேக்புக் ப்ரோவுல டச் பாரே இல்ல. சிப்பை மாத்துனதுல ஒரு தடவ கூட ஆப்பிள் பின்வாங்கினதில்ல, இதுல வரிசையா பின்வாங்குச்சு.

கேள்வி: அப்படின்னா இன்டெல் சிப்பு போட்ட சாதா பிசியில மேக் ஓஎஸ் ஏத்துனா அதுவும் மேக் தானே? நண்பன் ஒருத்தன் ஓட்டிட்டிருந்தான்.

பதில்: ஹாக்கின்டோஷ். ஓடும், ஆனா ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வைஃபை போகுமா சவுண்டு போகுமான்னு சாமி கும்பிட்டுட்டு உக்காரணும். இதையே கடை போட்டு வித்த சைஸ்டார் கம்பெனி மேல 2008ல ஆப்பிள் கேஸ் போட்டு அடுத்த வருஷம் ஜெயிச்சுது. அதுக்கு முன்னாடி 1995ல ஆப்பிளே லைசென்ஸ் குடுத்து மத்தவங்களை மேக் பண்ண விட்டிருக்காங்க, பவர் கம்ப்யூட்டிங்னு ஒரு கம்பெனி ஆப்பிளை விட வேகமான மெஷினை ஆப்பிளை விட கம்மி விலைக்கு வித்து நல்லா சம்பாதிச்சுது. புது வாடிக்கையாளர் வருவாங்கன்னு நினைச்சா, ஆப்பிளோட சொந்த வாடிக்கையாளரே அங்க போயிட்டாங்க. 1997ல ஜாப்ஸ் திரும்பி வந்ததும் 10 கோடி டாலர் ஷேர் குடுத்து பவர் கம்ப்யூட்டிங்கோட மேக் பிசினஸை வாங்கி ஊத்தி மூடிட்டாரு. மெஷினும் சாஃப்ட்வேரும் ஒரே கையில இல்லன்னா முன்னாடி சொன்னேனே சிப்பு மாத்துற வித்தை, அதை செய்யவே முடியாது, பத்து கம்பெனியை ஒரே நேரத்துல எவன் சம்மதிக்க வைக்கிறது.

கேள்வி: நான் திங்க்பேட் லேப்டாப் ரசிகன். சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்ட், சிப்பு இன்டெல் இல்லனா ஏஎம்டி, கம்பெனியே ஐபிஎம்ல இருந்து லெனோவோவுக்கு போயாச்சு. எங்களுக்கு என்ன மிச்சம்?

பதில்: ஒரு செவப்பு பொட்டு. விளையாட்டுக்கு சொல்லல. ஜி, எச், பி மூணு கீக்கு நடுவுல இருக்கிற ட்ராக்பாயின்ட்தான் உங்க சொத்து, டைப் அடிக்கிற கையை எடுக்காமலே மவுஸை நகர்த்தலாம். 1992ல வந்த 700சி மாடல்லயே அது இருக்கு, ரிச்சர்ட் சாப்பர் டிசைன் பண்ண கறுப்பு பெட்டி, ஜப்பான்காரங்க மதிய சாப்பாட்டு பெட்டியை மனசுல வச்சு செஞ்சது. 2005ல லெனோவோ வாங்கினப்போ இனி அவ்ளோதான்னு பேசினாங்க, ஒண்ணும் ஆகல, பொட்டு இருந்துச்சு, கீபோர்டு இருந்துச்சு. 2013ல டி440 மாடல்ல அந்தப் பொட்டோட சேர்ந்து வர்ற மூணு பட்டனை எடுத்துட்டு டச்பேடையே அமுக்கிக்கோங்கன்னு விட்டாங்க, அப்பதான் ரசிகருங்க பொங்குனாங்க, 2015ல டி450ல பட்டன் திரும்ப வந்துடுச்சு. உங்க கூட்டத்துக்கு மேக் கூட்டத்தை விட பிடிவாதம் ஜாஸ்தின்னு நினைக்கிறேன், ஏன்னா உங்களுக்கு வேற பிடிமானம் இல்ல, விண்டோஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான். 2025ல வந்த எக்ஸ்9ல பொட்டே கிடையாது. அதை திங்க்பேட்னு ஏத்துக்க எனக்கு மனசு வரல, நல்ல லேப்டாப்தான், பேரை வேற வச்சிருக்கலாம்.

கேள்வி: பழைய இன்டெல் மேக்புக் சல்லிசா வருது, வாங்கலாமா?

பதில்: 2025ல வந்த மேக் ஓஎஸ் 26தான் இன்டெலுக்கு கடைசி, அதுவுமே 2019, 2020ல வந்த சில மாடலுக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் கொஞ்ச காலம் செக்யூரிட்டி அப்டேட் வரும், அவ்ளோதான். டேலி மாதிரி விண்டோஸ்ல மட்டும் ஓடுற சாஃப்ட்வேர் உங்களுக்கு தினமும் வேணும்னா, பூட் கேம்ப் போட்டு அதே மெஷின்ல நேரடியா விண்டோஸ் ஓட்டலாங்கிறது இன்டெல்ல இருக்கிற ஒரு லாபம், எம் சீரிஸ்ல அது கிடையாது. அந்தத் தேவை இல்லன்னா இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து செகண்ட் ஹேண்ட் எம்1 ஏர் பாருங்க, வாங்குறதுக்கு முன்னாடி பேட்டரி எத்தனை தடவ சார்ஜ் ஆகி தீர்ந்திருக்குன்னு காட்டுற சைக்கிள் கவுண்ட்டை செக் பண்ணிடுங்க, விக்கிறவரோட ஐக்ளவுட் அக்கவுண்ட் உங்க கண்ணு முன்னாடியே லாக் அவுட் ஆகணும், அது ஆகாம காசை குடுத்துடாதீங்க.