விருந்தினர் கஞ்சா புகைத்தால் வீட்டுக்காரர் என்ன செய்வது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மேல்மாடியில் இரண்டு அறைகளை ஏர்பிஎன்பி செயலி மூலம் வாடகைக்கு விடுகிறோம். கீழே நாங்களும் பிள்ளைகளும். போன கிழமை வந்த வெளிநாட்டுச் சோடி பல்கனியில் கஞ்சா புகைத்தார்கள். மணம் கீழே வரை வந்தது. சீசன் நேரம், பேசாமல் இரு என்கிறார் கணவர். ரிவியூ கெட்டுவிடுமோ என்று எனக்கும் பயம். என்ன செய்யலாம்?"

சொல்லத்தான் வேண்டும், சகோதரி. இலங்கையில் கஞ்சா வைத்திருப்பது குற்றம். ஆயுர்வேத மருந்துக்கு இருக்கும் அனுமதி பல்கனியில் புகைப்பவருக்குப் பொருந்தாது. பொலிஸ் வந்தால் விருந்தினரின் பையோடு விஷயம் முடியாது. தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்று உங்களையும் கேட்பார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் வேண்டுமென்று செய்வதில்லை. கனடாவில் 2018இலிருந்தும் ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்தும் பெரியவர்கள் குறிப்பிட்ட அளவு வைத்திருக்கலாம். இங்கே கடற்கரையில் யாராவது கொண்டுவந்து நீட்டினால், இந்த ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆகவே கோபப்படாமல் சொல்லுங்கள்: "இது இங்கே சட்டப்படி குற்றம், கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்." பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் நோகும். கொழும்பிலிருந்து வந்த பெடியள் இதையே செய்தால் அன்றைக்கே பையைத் தூக்கச் சொல்கிறோம். வெள்ளைக்காரர் என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு இருக்கிறோம். பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறார்கள். யார் வந்தாலும் ஒரே விதிதான் இருக்க வேண்டும்.

அந்த விதியை இன்றைக்கே உங்கள் ஏர்பிஎன்பி பக்கத்தில் வீட்டு விதிகளுக்குள் எழுதிவிடுங்கள். 'புகைத்தல் கூடாது' என்று மட்டும் போட்டால் சிகரெட்டைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். கஞ்சா என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். திறப்பைக் கொடுக்கும்போது வாயாலும் ஒருதரம் சொல்லுங்கள். மீறினால், நேரில் சொன்னதையே செயலியிலும் மெசேஜாக அனுப்புங்கள். பின்னால் கைகொடுக்கும் சாட்சி அதுதான். விருந்தினரை ஏற்றிவரும் ஓட்டோக்காரர், வீட்டில் வேலைக்கு நிற்கும் தம்பி யாராவது வாங்கிக் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் சிக்கல் இன்னும் உங்களுக்குக் கிட்ட வந்துவிடும்.

மணம் நுளம்பு வலையிலும் திரைச்சீலையிலும் ஏசி பில்டரிலும் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவுங்கள். புகை மணத்தைப் போக்க ஆகும் மேலதிகச் செலவை ஏர்பிஎன்பியிடம் கேட்கலாம், ஆனால் விருந்தினர் வெளியேறி 14 நாட்களுக்குள் படங்களோடும் பில்லோடும் கேட்க வேண்டும். அறையில் கஞ்சா மிச்சம் கிடந்தால் பிள்ளைகளையோ வேலைக்கு வருபவரையோ தொடவிடாதீர்கள், நீங்களும் எடுத்து வைக்காதீர்கள். பொலிஸுக்கு அறிவிப்பதே பாதுகாப்பு.

ரிவியூவைப் பற்றி யோசிக்காதீர்கள். கெட்டதாக எழுதினால் அதற்குக் கீழே நீங்களும் பதில் எழுதலாம். சட்டத்தையும் பிள்ளைகளையும் காரணம் காட்டி நீங்கள் எழுதும் இரண்டு வரி, அடுத்து வரும் குடும்பங்களுக்கு நல்ல விளம்பரம். சொல்லியும் கேட்காதவர்களோடு இரவில் தனியாக வாதாட வேண்டாம். செயலி மூலம் அவர்களின் தங்கலை ரத்துச் செய்யக் கேளுங்கள். மிரட்டினால் 119க்கு அழையுங்கள்.