தலையணைக்குள் இறங்கும் கேமரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

18 நிமிடக் குறும்படம் ஒன்றின் எடிட்டிங்கில் இருக்கிறேன். காணாமல் போன தங்கையை அக்கா தேடுகிறாள். அந்தத் தேடலில் பாதி அவள் கண்ட கனவு என்பது கடைசியில் தெரியவரும். முதல் எடிட்டைப் பார்த்த எல்லோரும் ‘ஏமாத்திட்டீங்க’ என்றார்கள். கனவுக் காட்சிகளில் புகையும் ஸ்லோமோஷனும் சேர்த்தேன். முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எடுத்துவிட்டேன், இப்போது ஒன்றும் புரியவில்லை என்கிறார்கள். கனவும் நனவும் கலக்கும் மர்மப் படங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

எஸ்.

அன்புள்ள எஸ்,

‘ஏமாத்திட்டீங்க’ என்பவர்களுக்குக் கனவின் மேல் கோபம் இல்லை. தங்கைக்காக அவர்கள் பதைத்த பதைப்பு செல்லாது என்று படம் சொல்லிவிட்டதே, அதன் மேல்தான் கோபம். புகையைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அது தீராது.

ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘தி வுமன் இன் த விண்டோ’ (1944) படத்தில் கதாநாயகன் கனவிலிருந்து விழிக்கும் இடம் ஒரே ஷாட். கேமரா எட்வர்ட் ஜி. ராபின்சனின் முகத்தை நெருங்குகிறது. முகம் திரையை நிறைத்திருக்கும்போதே பின்னால் செட்டை மாற்றிவிட்டார்கள். இழுத்தால் கழன்றுவரும்படி தைத்த மேலுடையையும் உருவிவிட்டார்கள். கேமரா பின்வாங்கும்போது அவர் வேறு இடத்தில், வேறு உடையில் இருக்கிறார். தையல் தெரியாத வேலை. ஆனாலும் அந்த முடிவின் மேல் இன்றுவரை புகார் உண்டு. கொலையும் அதை மறைக்கப் பட்ட பாடும் துடைத்தெடுக்கப்பட்டு, படம் சிரிப்போடு முடிந்துவிடுகிறது.

டேவிட் லிஞ்சின் ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ (2001) படத்தில் நிலைமை தலைகீழ். அங்கே விழித்த பிறகுதான் எல்லாம் மோசம். கனவில் தப்பித்துக்கொண்டது நனவில் நடந்துமுடிந்திருக்கிறது. அதனால் நாம் கனவுக்குள் கழித்த நேரம் வீணாவதில்லை. கனவு கண்ட நாயகி எதைப் பார்க்க முடியாமல் ஓடினாள் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் கதையில் விழிப்பு அக்காவுக்கு எதைக் கொடுக்கிறது? நிம்மதியைக் கொடுத்தால் அந்த முடிவை மாற்றுங்கள். மற்ற எல்லாத் திருத்தமும் அதற்குப் பிறகுதான்.

‘மல்ஹாலண்ட் டிரைவ்’ இன்னொன்றையும் செய்கிறது. தொடக்கத்திலேயே, கார் விபத்துக்கு முன்பே, மூச்சுச் சத்தம் கேட்க, கேமரா ஒரு தலையணைக்குள் இறங்குகிறது. எதுவும் மறைக்கப்படவில்லை; அந்த நேரத்தில் நமக்கு அர்த்தம் தெரியாது, அவ்வளவுதான். வாரணமாயிரத்தில் ஆண்டாள் பாட்டுக்குப் பாட்டு ‘கனாக் கண்டேன் தோழீ நான்’ என்று முடிக்கிறாள். திருமணம் கண்முன் நடப்பதுபோல் இருக்கும்போது அந்த வரி வந்து விழுகிறது. லிஞ்ச் அந்த வரியை முதலிலேயே சொல்லிவிட்டு, நாம் மறப்பதற்காகக் காத்திருக்கிறார். நீங்களும் டைட்டிலுக்கு முன் 4 நொடி ஷாட் ஒன்றை வையுங்கள். கலைந்த போர்வை போதும், முகம் வேண்டாம். கடைசியில் அதே ஷாட் அதே கோணத்தில் திரும்ப வரட்டும்.

‘புரியவில்லை’ என்ற புகாருக்கு மருந்து ஒரு நோட்டுப்புத்தகம். பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: கனவில் வரும் பொருள் அல்லது ஆள், நனவில் அதன் மூலம், பார்வையாளர் அந்த மூலத்தைக் காணும் காட்சி எண். ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ முற்பாதியில் விசித்திர வடிவத்தில் இருக்கும் நீலச் சாவி, பிற்பாதியில் மேஜைமேல் கிடக்கும் சாதாரண நீலச் சாவி. முற்பாதியில் நாயகியின் பெயர் பெட்டி (Betty), உணவக ஊழியரின் பெயர்ப்பட்டையில் டயான். பிற்பாதியில் நாயகி டயான், பட்டையில் பெட்டி. உங்கள் நோட்டில் மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு ‘புரியவில்லை’. ஏற்கெனவே எடுத்து முடித்த படத்துக்கும் இது உதவும். லிஞ்சின் படமே ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான பைலட்டாக, அதாவது மாதிரிப் பகுதியாகத் தொடங்கியது. சேனல் நிராகரித்த பிறகு கூடுதல் காட்சிகள் எடுத்துத்தான் முழுப்படமாக்கினார். உங்களுக்கும் அரைநாள் படப்பிடிப்பில் நாலைந்து மூலங்களை நட்டுவிடலாம்.

புகையை எடுத்தது சரி. ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945) படத்துக்கு ஹிட்ச்காக் சால்வதோர் தாலியை அழைத்ததே மங்கலான கனவுகள் வேண்டாம், கூர்மையாக வேண்டும் என்பதற்காகத்தான். கனவிலும் நனவிலும் அதே லென்ஸ், அதே ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமநிலை) இருக்கட்டும். அக்கா தூங்கப்போவதைக் காட்டாதீர்கள். எந்தக் கனவும் தான் தொடங்கிய இடத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. ஒரு செயலின் நடுவில் வெட்டுங்கள். கதவைத் திறக்கும் கை நனவில், திறந்து முடிக்கும் கை கனவில். கண்கள் திரையில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், முகத்தின் அளவும் மாறக்கூடாது. இதில் ஒன்று பிசகினாலும் பார்வையாளர் வெட்டைக் கவனித்துவிடுவார். சதோஷி கோனின் ‘பர்ஃபெக்ட் ப்ளூ’ (1997) முழுக்க இந்த வித்தைதான். விசாரணை என்று நாம் நம்பிய காட்சி படப்பிடிப்பாக மாறும், அடுத்த வெட்டில் நாயகி படுக்கையில் விழிப்பாள். அந்த விழிப்பையும் நம்ப முடியாது.

‘நான் கனவு காண்கிறேனா?’ என்ற வசனம் இருந்தால் நீக்குங்கள். கனவுகள் அடர்த்தியாக வரும் ரெம் உறக்கத்தில், சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கிறது. அதனால்தான் கனவில் எதுவும் நமக்கு வினோதமாகப் படுவதில்லை. உங்கள் கதையின் அக்காவுக்கும் படக்கூடாது.

ஒலியில்தான் உங்களுக்கு அதிக லாபம், செலவும் குறைவு. அவள் படுக்கையறையின் ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அங்கே கேட்கும் ஒலியை, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு 60 நொடி பதிவு செய்யுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி முனகல் எதையும் அணைக்க வேண்டாம். கனவில் அவள் எங்கே அலைந்தாலும், சாலையோ ரயில் நிலையமோ, அந்த இடத்தின் இரைச்சலுக்கு அடியில் இந்த முனகல் மெல்ல ஓடட்டும். ஹெட்ஃபோனில் கேட்டு அளவு வைக்காதீர்கள்; சாதாரண ஸ்பீக்கரில் அது அமுங்கிவிடும். கடைசியில் படுக்கையறை வரும்போது மற்ற ஒலிகள் விலகி முனகல் மட்டும் மிஞ்சும். வசனமே இல்லாமல் விஷயம் போய்ச்சேரும்.

திட்டமிட்ட பிழைகளில் கவனம் தேவை. ‘ஷட்டர் ஐலண்ட்’ (2010) படத்தில் ஒரு நோயாளி தண்ணீர் குடிக்கும் ஷாட்டில் கையில் கிளாஸ் இல்லை. ஸ்கார்செஸி செய்தால் அது குறிப்பு. குறும்படத்தில் வந்தால் கன்டின்யுட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம்) பார்க்கும் ஆள் தூங்கிவிட்டார் என்பார்கள். ஒரே பிழை மூன்று முறை, ஃபோகஸில், ஒன்றரை நொடிக்குக் குறையாமல் வர வேண்டும். மற்ற இடங்களில் கன்டின்யுட்டி அப்பழுக்கற்று இருந்தால்தான் அது எடுபடும்.

உடல் சார்ந்த விபரீதம் ஒன்று தேவைப்பட்டால் ‘ஜேக்கப்ஸ் லேடர்’ (1990) வழி இருக்கிறது. தலையை உலுக்கும் நடிகரை நொடிக்கு 4 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினார்கள். 24-இல் எடுத்துவிட்டு எடிட்டில் வேகம் கூட்டினால் வெட்டிவெட்டித் துள்ளும், அந்தக் குழைவு வராது. ஷட்டர் 1/8 நொடியாக இருக்க வேண்டும். வெளிச்சம் வழக்கத்தைவிட ஆறு மடங்கு உள்ளே வரும் என்பதால் அதைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுங்கள். ஒரே ஒரு முறை, ஒரு நொடி போதும்.

எடிட்டை இறுதியாகப் பூட்டுவதற்கு முன் காட்சிப் பட்டியலை இரண்டு தாள்களில் எழுதுங்கள். ஒன்றில் தங்கை உண்மையிலேயே தொலைந்தவள். மற்றதில் தேடலில் பாதி அக்கா கண்ட கனவு. காட்சிக்குக் காட்சி இரண்டு கதையையும் சொல்லிப் பாருங்கள். முதல் பார்வையில் முதல் தாள் எங்கும் உடையக்கூடாது, மறுபார்வையில் இரண்டாவது. உடையும் காட்சிகளை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் தேடல் தொடங்கும் முதல் காட்சி கட்டாயம் அதில் இருக்கும்.