கோமாளி மீன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மேலேயே நின்று மூச்சு வாங்குகிறது, உடம்பில் வெள்ளையாக இருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

மருந்து இருக்கட்டும். முதலில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து மீனைப் பாருங்கள். அந்த வெள்ளை, புள்ளியா சளியா? நீங்கள் ‘வெள்ளை’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நானும் கடையில் போய் அப்படித்தான் சொன்னேன். அந்த ஒரு சொல்லில் ஒரு மீனும் நாலு இறாலும் போயின.

நான் மீன் டாக்டர் இல்லை. சிங்கப்பூரில், யீஷூனில் நாலறை வீட்டில் இரண்டடித் தொட்டி வைத்து ஆறு வருடமாகக் கடல்மீன் வளர்க்கிறேன், அவ்வளவுதான். யூடியூப் பார்த்துப் பேசுகிறான் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

என்னிடம் மூன்று வருடமாக ஒரு கோமாளி மீன் இருந்தது. கையை வைத்தால் வந்து கடிக்கும், அப்படி ஒரு திமிர். அதற்கு ஜோடியாக இருக்கட்டும் என்று 25 வெள்ளிக்குச் சின்னது ஒன்று வாங்கி வந்து, தனியே வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்டேன். கடையில் நன்றாகத்தானே நீந்தியது என்ற தைரியம். ஐந்தாம் நாள் மதிய ஷிஃப்ட் முடிந்து இரவு பதினொன்றரைக்கு வந்தால், மகள் தூங்காமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். “அப்பா, மீனுக்குத் தோல் உரியுது.”

பார்த்தேன். பெரியது தண்ணீர் மட்டத்தில் நின்று செவுளை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது. நனைந்த டிஷ்யூ பேப்பர் ஒட்டியது மாதிரி முதுகிலிருந்து ஏதோ தொங்கியது, ஆரஞ்சு நிறம் மங்கிப் போயிருந்தது. மறுநாள் கடை திறந்ததும் போய் “மீன் மேல வெள்ளை” என்றேன். “ஒயிட் ஸ்பாட்டா?” என்று கேட்டார்கள், தலையாட்டினேன். காப்பர், அதாவது செம்பு கலந்த மருந்து தந்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, தலையாட்டியது நான்தான். அதைத் தொட்டியிலேயே ஊற்றினேன். அதற்கு மறுநாள் காலையில் இறால்கள் நான்கும் பக்கவாட்டில் கிடந்தன. மதியம் பெரிய மீனும் போய்விட்டது.

செராங்கூன் நார்த் பக்கம் மீன் விற்கும் ஒரு சீன அங்கிளை எனக்குத் தெரியும். அழாத குறையாகப் போன் செய்தேன். “ஸ்பாட் ஆ, ஸ்லைம் ஆ?” என்று கேட்டார். ஸ்லைம் என்றேன். “ஐயோ, காப்பர் நோ யூஸ் லா.”

அதன் பெயர் புரூக்லினெல்லா. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. கோமாளி மீன்களை அதிகம் பிடிப்பதால் ஆங்கிலத்தில் இந்த மீன் பேரிலேயே நோயைச் சொல்வார்கள். தோலையும் செவுளையும் தின்னும், மீன் மேலேயே இரண்டு இரண்டாகப் பிரிந்து பெருகும். அதனால்தான் ஓரிரு நாளில் ஆளை முடித்துவிடுகிறது. காப்பருக்கு அது மசியாது.

வெள்ளைப் புள்ளி நோய் வேறு. உப்புக்கல் தூவியது போல, எண்ணிவிடலாம். அதற்குக் காப்பர் கேட்கும். ஆனால் காப்பரைத் தனித்தொட்டியில்தான் போட வேண்டும், அளவு பார்க்கும் டெஸ்ட் கிட்டும் வேண்டும். இறால், நத்தை, பவளம் எதுவும் தாங்காது, கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இன்னொன்று, அந்தப் புள்ளிகள் சில நாளில் தானாகவே உதிரும். குணமாகிவிட்டது என்று நினைப்போம். அது கீழே விழுந்து பெருகித் திரும்பி வரும். டார்ச்சில் மாவு தூவியது போல மிக நுணுக்கமாக, லேசாகத் தங்க நிறமாகத் தெரிந்தால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். அதுவும் வேகமாகக் கொல்லும், காலை வரை காத்திருக்காதீர்கள்.

உங்களுடையது சளி என்றால் ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) குளியல். தனி வாளியில் தொட்டித் தண்ணீர், காற்றுக்குமிழ் விடும் கல்லைப் பலமாக ஓட விட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அளவை இங்கே எழுத மாட்டேன், பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், லேபிளைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள். கையுறை போடுங்கள், சன்னலைத் திறங்கள், அது நமக்கும் விஷம்தான். நம் ஊர்ச் சூட்டில் மருந்து இன்னும் கடுமையாக வேலை செய்யும். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இன்று இரவு மருந்து கிடைக்காவிட்டால் உப்பில்லாத நல்ல தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் முக்கலாம். குணமாகாது, மூச்சு கொஞ்சம் சீராகும். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடிக்காதீர்கள், இங்கே குளோரமின் போடுகிறார்கள். அதை முறிக்கும் மருந்து கலந்து, சூடும் பிஎச்சும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முக்குங்கள்.

சின்ன மீனைக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, போனில் நேரம் வைத்து ஃபார்மலினில்தான் குளிப்பாட்டினேன். வாளித் தண்ணீரில் சளி நூல் நூலாக மிதந்தது. நாலாம் நாள் மைசிஸ் என்ற குட்டித் தீனி இறால் ஒன்றை வாயில் வாங்கித் துப்பியது, மறுபடி போய்ப் பிடித்தது. இரண்டாவது தடவை துப்பவில்லை.

இதற்காக ஒரு நாள் அவசர விடுப்பு கேட்டேன். மேலதிகாரி அதை வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுச் சிரித்தார். 2024 செப்டம்பரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்ததிலிருந்து அந்தக் குழுவில் தினமும் பூனைப் படம். பூனைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் விடுப்பு எடுத்தபோது எல்லாரும் இதயம் போட்டார்கள். மீன் என்றால் “சம்பல் வச்சிடு அண்ணே”. கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்தால், நாய் பூனை மட்டும்தான் என்று வைத்துவிட்டார்கள். மீன் பார்க்கும் மருத்துவர்களும் இங்கே இருக்கிறார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

வெறும் துடுப்புக் கிழிசல் என்றால் இவ்வளவு பதற வேண்டாம். ஜோடியில் பெரியது சின்னதைக் கடிக்கும். தண்ணீரில் அமோனியா இல்லாமல் வைத்திருந்தால் ஆறிவிடும், ஓரம் சிவந்தாலோ பஞ்சு பிடித்தாலோதான் கவலை. இரவில் மூலையில் சாய்ந்து தூங்குவது, பெரியதன் முன்னால் உடம்பை உதறுவது, இவையும் நோய் இல்லை.

பக்கவாட்டு டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். இந்த வாரமும் எனக்கு மதிய ஷிஃப்ட்தான், பதினொன்றரைக்கு மேல் பார்க்கிறேன்.