ஹட்டன், வெர்னர், வெகனர்: நிலவியல் முன்னோடிகள் பற்றிக் கேள்வி பதில்

ஐரோப்பாவின் முதல் தலைமுறை நிலவியலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதைச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள் என்று கேளுங்கள் என்றிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. கல்லூரியில் இந்தப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. இவர்களைப் பற்றி எந்தக் கதையைக் கேட்டாலும், அதை முதலில் எழுதியவர் யார், அவருக்கு இவர் நண்பரா, எதிரியா, மாமனா என்று பாருங்கள்.

கேள்வி: சார், நிலவியலின் தந்தை யார்? போட்டித் தேர்வுக்காகக் கேட்கிறேன்.

ஜேம்ஸ் ஹட்டன் என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

கேள்வி: ஹட்டன் மருத்துவர் என்று படித்தேன். மருத்துவருக்குப் பாறையில் என்ன வேலை?

நல்ல கேள்வி. 1749-இல் லெய்டனில் மருத்துவப் பட்டம் வாங்கினார், அவ்வளவுதான். வைத்தியம் பார்த்துப் பிழைக்கவில்லை. காசு வந்தது கரியிலிருந்து. ஜேம்ஸ் டேவி என்ற நண்பரோடு சேர்ந்து, எடின்பரோ வீடுகளின் புகைபோக்கிக் கரியிலிருந்து நவச்சாரம் எடுக்கும் தொழில் நடத்தினார். நம்மூரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துணியில் தொட்டுத் தேய்ப்பாரே, அதே சரக்கு. அந்த வருமானம் இருந்ததால்தான் பிற்காலத்தில் நிம்மதியாகக் கல்லைப் பார்த்துக்கொண்டு ஊர் சுற்ற முடிந்தது.

ஆனால் அவருக்கு யோசனை வந்தது வயலில். ஸ்காட்லாந்தின் தெற்கே அப்பா வழியில் வந்த பண்ணையில் பல வருடம் விவசாயம் செய்தார். மழைக்கு மண் கரைந்து ஓடைக்குப் போகிறது, ஓடை கடலுக்குக் கொண்டுபோகிறது. இப்படியே போனால் நிலம் மிஞ்சாதே, ஆனால் மிஞ்சியிருக்கிறதே, அப்படியானால் புது நிலம் எங்கோ உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். கடலடியில் படிந்த மண்ணைப் பூமியின் உள்வெப்பம் இறுக்கி, மேலே தூக்குகிறது என்பது அவர் முடிவு.

அதற்குச் சாட்சி தேடித்தான் 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே பழைய கருநிறப் பாறைக்குள் சிவந்த கிரானைட் நரம்பு நரம்பாகப் பாய்ந்திருப்பதைக் கண்டார். உருகிய நிலையில் இருந்தால்தான் அப்படிப் பாய முடியும். அவர் குதித்த குதியைப் பார்த்து, கூட வந்த வழிகாட்டிகள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களாம். இதை எழுதியவர் நண்பர் ஜான் பிளேஃபேர். நண்பர் என்பதைக் கவனியுங்கள்.

1788-இல் பிளேஃபேரையும் சர் ஜேம்ஸ் ஹாலையும் படகில் கூட்டிக்கொண்டு சிக்கார் பாயிண்ட் என்ற கடலோர முனைக்குப் போனார். கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலை தேய்ந்து, அதன்மேல் செம்மணற்கல் லேசான சாய்வில் படுத்திருக்கிறது. கடலில் படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்து, அதற்குப் பிறகு மறுபடி மேலே படிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி என்று இன்று தெரியும். காலத்தின் அந்தப் பாதாளத்தை எட்டிப் பார்த்ததில் தலைசுற்றியது என்று பிளேஃபேர் எழுதினார்.

கேள்வி: ஸ்டெனோவைத் திருச்சபை கொடுமைப்படுத்தியது உண்மையா?

இல்லை. அவரே ஆயர். கோபன்ஹேகனில் 1638-இல் பிறந்த உடற்கூறியலாளர்; கன்னத்திலிருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டுவரும் குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். 1666-இல் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையைப் ஃபிளாரன்ஸில் அறுத்துப் பார்த்தார். அதன் பல்லும், மலைப்பாறையில் கிடைக்கும் 'நாக்குக் கல்'லும் அச்சு அசலாக ஒன்று. அப்படியானால் கடல்மீனின் பல் பாறைக்குள் எப்படிப் போனது? அடியில் இருக்கும் அடுக்கு முதலில் படிந்தது, மேலே இருப்பது பிறகு படிந்தது என்ற விதி அந்தக் கேள்வியிலிருந்து வந்தது, 1669-இல் அச்சானது. பிறகு பாதிரியாராகி, 1677-இல் ஆயராகி, ஏழையாகவே 1686-இல் இறந்தார். 1988-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். விஞ்ஞானி என்றாலே சபையோடு சண்டை என்ற சினிமாக் கதை இவரிடம் செல்லாது.

கேள்வி: அப்போ நிலவியலின் தந்தை ஸ்டெனோவா, ஹட்டனா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நான் சுரங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் ஹட்டனைத் தூக்கி வைத்து, வெர்னரை முட்டாள் ஆக்குகிறீர்கள். வெர்னர் இல்லாவிட்டால் சுரங்கத்தில் கல்லைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்திருக்குமா?

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆபிரகாம் காட்லோப் வெர்னர் 1775-இல் சாக்சனியின் ஃபிரைபெர்க் சுரங்கக் கழகத்தில் சேர்ந்து, 1817-இல் சாகும் வரை அங்கேயே பாடம் எடுத்தார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஹம்போல்ட், லியோபோல்ட் ஃபான் புக் எல்லாம் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான். நிறம், பளபளப்பு, கடினம், கீறினால் வரும் கோடு என்று கையில் வைத்தே கனிமத்தை அடையாளம் காண ஒழுங்கான முறை வகுத்தார்.

ஆனால் பசால்ட் என்ற கரும்பாறை விஷயத்தில் சறுக்கினார். ஆதிக்கடலிலிருந்துதான் பாறைகள் படிந்தன, பசால்ட்டும் அப்படித்தான் என்றார். பிரான்ஸின் ஆவெர்ன் பகுதியில் பசால்ட் எரிமலைக் குழம்பின் தொடர்ச்சியாக இருப்பதை நிக்கோலா தெமாரே 1774-லேயே அச்சில் சொல்லிவிட்டார்.

அதே பொறியாளர்: அவர் பார்த்தது ஷைபென்பெர்க் குன்று. அங்கே மணல், களிமண், அதன்மேல் பசால்ட் என்று படிப்படியாகத்தான் இருக்கிறது. கண்ணெதிரே இருந்ததைத்தானே சொன்னார்?

சரி, அதுவே பிரச்சினை. ஒரு குன்றைப் பார்த்து உலகத்துக்கே விதி எழுதினார். அவர் மாணவர்கள் வெளியே போய்ப் பார்த்தார்கள். ஃபான் புக் 1802-இல் ஆவெர்னுக்குப் போனார், நிலைப்பாடு ஆட்டம் கண்டது.

ஓர் ஆசிரியை குறுக்கே: வெர்னர் கட்சி பைபிள் கட்சி, ஹட்டன் கட்சி அறிவியல் கட்சி. அவ்வளவுதானே?

இல்லவே இல்லை அம்மா. இதைத்தான் தொடக்கத்தில் எச்சரித்தேன். வெர்னரின் கடல் நோவா காலத்து வெள்ளம் அல்ல. ஹட்டனோ, இந்தப் பூமியை உயிர்கள் வாழத் தோதாகக் கடவுள் அமைத்த இயந்திரம் என்று நம்பியவர். அவரை நாத்திகர் போல் காட்டித் தாக்கியது அயர்லாந்துக்காரரான ரிச்சர்ட் கிர்வன். பிறகு 1830-இல் சார்ல்ஸ் லைல் தன் பெரிய நூலின் தொடக்கத்தில் நிலவியல் வரலாறு எழுதும்போது ஹட்டனை நாயகனாக்கி, வெர்னரை இழுத்துவிட்டார். லைல் சட்டம் படித்த வழக்கறிஞர். தன் கட்சிக்கு வாதாடத் தெரியாதா?

பொறியாளர்: அப்படியானால் ஹட்டனிடம் மட்டும் சோதனைச் சான்று இருந்ததா?

இல்லை, அதிலும் அவருக்கு விருப்பமில்லை! சின்ன மூசையில் நெருப்பு மூட்டிப் பார்த்துவிட்டுப் பூமியின் பெரிய வேலைகளைத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. உருகிய பாறை ஆறினால் கண்ணாடிதானே வரும், கல் எப்படி வரும் என்று எதிரிகள் கேட்டார்கள். ஜேம்ஸ் ஹாலுக்குப் பதில் தெரியும் போலிருந்தது: லீத் கண்ணாடித் தொழிற்சாலையில் மெதுவாக ஆறிய கண்ணாடி கல்போல் இறுகிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் ஹட்டன் மனம் நோகுமே என்று அவர் 1797-இல் இறக்கும் வரை பெரிய அளவில் இறங்கவில்லை. மறு ஆண்டே எடின்பரோவைச் சுற்றியுள்ள பசால்ட்டையும் வெசூவியஸ், எட்னா எரிமலைக் குழம்பையும் உலையில் உருக்கினார். சட்டென்று ஆற விட்டால் கண்ணாடி, மெல்ல ஆற விட்டால் கல். அப்புறம் சுண்ணாம்புத்தூளைத் துப்பாக்கிக் குழலில் அடைத்து, வாயை மூடிச் சூடேற்றி, பளிங்கு போன்ற கல் எடுத்தார். சில குழல்கள் வெடித்தே போயின. நம் புத்தகங்களில் இவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

கேள்வி: வில்லியம் ஸ்மித் ஏன் சிறைக்குப் போனார்?

கடன். கொல்லர் மகன், கால்வாய் வெட்ட அளவெடுத்தவர். எந்த அடுக்கில் எந்தத் தொல்லுயிர் என்று பார்த்தே அடுக்கை அடையாளம் காணலாம் என்று மண்வெட்டிக்குப் பின்னால் நடந்தே கண்டுபிடித்தார். 1815-இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் ஒவ்வோர் அடுக்கின் அடி விளிம்பும் அடர்நிறம், மேலே போகப் போக வெளிறும். அதனாலேயே அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். லண்டன் நிலவியல் கழகம் போட்டியாக ஒரு வரைபடம் கொண்டுவந்தது. 1819-இல் இவர் கடன்காரர் சிறையில். திருடிவிட்டார்கள் என்பார்கள். கழகத்துக்காரர்கள் அவருடையதைப் பயன்படுத்திக்கொண்டது நிஜம், ஆனால் சிறைக்கு அது மட்டும் காரணம் இல்லை. நில வியாபாரத்திலும் கல் குவாரியிலும் பணத்தைக் கோட்டைவிட்டிருந்தார். 1831-இல் அதே கழகம் தன் முதல் வொலாஸ்டன் பதக்கத்தைக் கொடுத்தது. இவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அக்கா தங்கை வழி மருமகன் ஜான் பிலிப்ஸ்.

கேள்வி: மேரி ஆனிங்தானே முதல் டைனோசரைக் கண்டுபிடித்தவர்?

இல்லை. அவள் கண்டெடுத்த இக்தியோசர் டைனோசர் அல்ல, கடல் ஊர்வன. தலையை 1811-இல் அண்ணன் ஜோசப் கண்டான், உடலை அடுத்த ஆண்டு மேரி கண்டாள். வயது 12 அல்லது 13. பிளெசியோசர் என்ற இன்னொரு கடல் ஊர்வன 1823-இல். அதன் நீளக் கழுத்தைப் பார்த்துப் பிரெஞ்சு உடற்கூறியல் மேதை கூவியேவுக்கே சந்தேகம் வந்தது, நிலவியல் கழகக் கூட்டத்தில் சரிபார்த்த பிறகு ஒத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் மேரிக்கு இடமில்லை, பெயரும் சொல்லப்படவில்லை. குளிர்காலப் புயலில் லைம் ரீஜிஸ் குன்று சரியும்போதுதான் புது எலும்பு வெளிவரும், அதனால் அந்தப் பருவத்தில்தான் வேலை. 1833-இல் ஒரு சரிவில் அவள் நாய் ட்ரே பக்கத்திலேயே புதைந்தது. கடற்சிப்பி விற்கும் பெண்ணைப் பற்றிய ஆங்கில நாப்பிறழ் பாட்டு இவளைப் பற்றியதுதான் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம் எதுவும் இல்லை.

கேள்வி: வெகனரைப் பொறாமையால்தானே ஒதுக்கினார்கள்?

முழுக்க அப்படி இல்லை. வானிலை ஆய்வாளர் ஒருவர் வெளியிலிருந்து வந்து, கண்டங்கள் நகர்கின்றன என்று பேசியது சிலருக்கு எரிச்சல்தான். ஆனால் கண்டத்தை நகர்த்த அவர் சொன்ன விசை போதாது என்று கணக்கே காட்டியது. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறது என்றார், உண்மையில் கண்டங்கள் நகர்வது சென்டிமீட்டர் கணக்கில். அவரை ஆதரித்தவர்களும் உண்டு: தென்னாப்பிரிக்காவின் டு டாய்ட், இங்கிலாந்தின் ஆர்தர் ஹோம்ஸ். 1930 நவம்பர் 1, தன் 50-ஆவது பிறந்தநாளில், கிரீன்லாந்துப் பனிக்கட்டியின் நடுவிலிருந்த ஐஸ்மிட்டே ஆய்வு நிலையத்திலிருந்து ராஸ்மஸ் வில்லும்சென் என்ற கிரீன்லாந்து இளைஞரோடு கிளம்பினார். அடுத்த மே மாதம் வெகனரின் உடல் கிடைத்தது, வில்லும்சென் ஒழுங்காகப் புதைத்து, பனிச்சறுக்குக் கட்டைகளை அடையாளமாக நட்டுவைத்திருந்தார். அந்த இளைஞர் கிடைக்கவேயில்லை. வெகனர் பெயரைச் சொல்லும்போது இவர் பெயரையும் சொல்லுங்கள்.

கேள்வி: பல்லாவரம் கல்லுக்கும் ஆங்கிலேயர் கல்லறைக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்துக் கல். நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதனால் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடாரி எடுத்தது வேறு கதை.

கேள்வி: வில்லியம் ஸ்மித்தை 'ஆங்கில நிலவியலின் தந்தை' என்கிறார்களே, அப்படியானால்...

நிலவியல் கழகத் தலைவராக இருந்த செட்ஜ்விக் சொன்னது. மேற்கொண்டு தந்தையர் கேள்வி எடுக்கப்போவதில்லை.

கேள்வி: ஹட்டனை நேரடியாகப் படிக்கலாமா?

வேண்டாம். 1795-இல் வந்த இரண்டு தொகுதிகளும் நீண்ட பிரெஞ்சு மேற்கோள்களோடு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். பிளேஃபேர் 1802-இல் எழுதிய விளக்கத்தைப் படியுங்கள். அதை முடித்த பிறகு பொறியாளர் ஐயாவிடம் வெர்னரைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.