கோப்பெருஞ்சிங்கன் துரோகியா? – கடிதம்

வணக்கம் சார், நான் உளுந்தூர்பேட்டை பக்கம், கெடிலம் ஆத்தங்கரை ஊரு. எங்க பக்கத்துல இருக்கிற சேந்தமங்கலத்துலதான் கோப்பெருஞ்சிங்கன் சோழ ராஜாவையே சிறை வெச்சான்னு சொல்றாங்க. அவன் துரோகியா வீரனா? அவன் என்ன சாதின்னு ஃபேஸ்புக்ல பெரிய சண்டை நடக்குது, நீங்க முடிச்சு வைக்கணும்.

அன்புள்ள தம்பி,

சாதி சண்டைய நான் முடிச்சு வைக்க மாட்டேன். எண்ணூறு வருஷம் முன்னாடி செத்தவனுக்கு இப்ப ஜாதி சர்டிஃபிகேட் வாங்கி என்ன பண்ணப் போறீங்க? அவன் தன்னை பல்லவன்னு சொல்லிக்கிட்டான், காடவர்னு அவன் குலத்துக்குப் பேரு, அவ்ளோதான், போய் வேலைய பாருங்க.

துரோகியான்னா, அந்த காலத்துல குறுநில தலைவனுங்க எல்லாம் பாடிகாவல்னு ஊர் காவலையும் அதுக்கான வரியையும் கையில வெச்சிருந்தானுங்க, மேல சோழன் அசந்தா இவன் ராஜா. இது போதும்.

உங்க லெட்டர பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது வேற. அதே கெடிலத்துல கீழ போனா, கடலூர் பக்கத்துல திருவந்திபுரம், தேவநாத பெருமாள் கோயில். காலேஜ் படிக்கிறப்ப அப்பாகூட போயிருந்தேன், எல்லாரும் தரிசனத்துக்கு முண்டியடிக்கிறாங்க, அப்பா மட்டும் சுவத்துல இருக்கிற கல்வெட்ட வெரல் வெச்சு எழுத்துக்கூட்டி படிச்சிட்டு நின்னார். சிங்கன் சிறை வெச்ச சோழ ராஜா மூணாம் ராஜராஜன மீட்ட கதைதான் அது, 1231 வாக்குல. கர்நாடகத்து ஹொய்சள ராஜா நரசிம்மன், சோழன திரும்ப உக்கார வெச்சாலொழிய எக்காளம் ஊதறதில்லன்னு சபதம் போட்டு தன் தலைநகர் தோரசமுத்திரத்துல இருந்து கிளம்புறான், அப்பண்ணன், சமுத்திர கோப்பையன்னு ரெண்டு தளபதிய அனுப்புறான். சிங்கன் கோயில்கள அழிச்சான்னு அதுல குத்தம் வேற, தில்லையில கோபுரம் கட்டினவன் மேல!

சரி, காப்பாத்த வந்த புண்ணியவான்கள் என்ன பண்ணாங்க? ஊர்கள சுட்டு அழிச்சு, "பெண்டுகளைப் பிடித்தும் கொள்ளை கொண்டும்" போனாங்களாம். எதிரி எழுதினதில்ல தம்பி, அவங்களே பெருமையா கோயில் சுவத்துல வெட்டினது, அதுவும் சாமிக்கு முன்னாடி! அந்த வரி வந்ததும் அப்பா வெரல எடுத்துட்டார், மேல படிக்கல. எந்த பொண்ணு, எங்க கொண்டு போனாங்க, ஒரு பேரும் கிடையாது, ஆனா தளபதிங்க பேரு பளிச்சுன்னு இருக்கு. நீங்க இவன் வீரனா அவன் வீரனான்னு கமெண்ட்ல அடிச்சிக்கிறீங்களே, அந்த நெருப்புல வெந்தது உங்க ஊரு ஆத்தங்கரை வயலு, எனக்கு வர்ற கோவம் அதுலதான்.

இத்தனைக்கும் சிங்கன் வம்சம் ஒண்ணும் ஒழிஞ்சு போகல. கோப்பெருஞ்சிங்கன்ங்கிற அதே பேருல ஒருத்தன் (இவன் மகன்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க) 1243-ல முடிசூட்டிக்கிட்டு, சகலபுவன சக்கரவர்த்தின்னு பட்டம் போட்டுக்கிட்டு, 1279 வாக்கு வரைக்கும் அவன் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டு கிடைக்குது. சோழனும் சிம்மாசனத்துக்கு திரும்பிட்டான், நரசிம்மனும் எக்காளம் ஊதிட்டான்.

அழிச்ச ஊர்ல எள்ளேரி, தொழுதகையூர்னு சில பேரு கல்வெட்டுல இருக்கு. உங்க தாத்தா பாட்டி யாராவது இருந்தா இந்த பேருல பக்கத்துல ஊரோ ஏரியோ வயலோ இருக்கான்னு கேட்டு எழுதுங்க. சண்டைக்கு லிங்க் அனுப்பாதீங்க.